கவாத்தும் பதியமும்: வீட்டுத் தோட்டத்திற்கு ஒரு பாடம்

 

வீட்டு வாசலில் நாலு செடி வைத்து வளர்ப்போர் நம்மில் அநேகர். மருதாணி, மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை, முருங்கை, பண்டான் ஆகியவற்றில் ஒன்றேனும் இல்லாத வீடு நம்மவரிடையே அபூர்வம். ஆயினும், “செடியை எந்த மாதத்தில் வெட்டலாம்? வெட்டிய செடி ஏன் பட்டுப் போயிற்று? நட்ட குச்சி ஏன் வேர் விடவில்லை?” என்ற மூன்று கேள்விகளையும் நம் தாய்மார்கள் கேட்ட வண்ணமே இருக்கிறார்கள். அவற்றிற்கு விடை கூறுவதே இப்பாடத்தின் நோக்கம். விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். கத்தியை எடுக்குமுன் மழையைப் பாருங்கள். செடியை வெட்டுமுன் அதே செடியிலிருந்து ஒரு கன்றை வேர் விடச் செய்யுங்கள். இவ்விரண்டையும் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. ஒரு செடியைப் பறி கொடுத்துத்தான் கற்றுக் கொண்டேன்.

நான் செய்த பிழை

குளுவாங்கில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியில் ஒரு மருதாணிச் செடி நின்றது. என் உம்மா கலியாணமாகி அவ்வீட்டிற்கு வந்த வருஷத்தில் நட்ட செடி அது. எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருடைய கைகளும் அதன் இலையால்தான் சிவந்தன. உம்மா மௌத்தாகி இரண்டு வருஷம் சென்ற பின், என் தங்கை மகளுக்கு ஜனவரி மாதக் கடைசியில் நிக்காஹ் நிச்சயமாயிற்று. “இப்போது வெட்டி விட்டால் கலியாணத்திற்குள் புதுத் துளிர் வந்துவிடும், மழையும் பெய்கிறது, தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம்” என்று எண்ணி, டிசம்பர் நடுவில் அச்செடியை முழங்கால் உயரத்திற்கு வெட்டினேன். போதாக்குறைக்கு, மட்காத சாணத்தையும் அடியில் குவித்து வைத்தேன்.

அதன் பிறகு பத்து நாட்கள் ஓயாத மழை. செடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. இரண்டு கணுக்களில் துளிர் எட்டிப் பார்த்தது. பிறகு கறுத்து உதிர்ந்தது. ஜனவரிக் கடைசியில் விரலால் தொட்டாலே பட்டை கழன்று வந்தது. கலியாணத்திற்குக் கடையில் விற்கும் தூளை வாங்கிக் குழைத்தோம். பெண்ணுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஆனால் என் தமக்கை மட்டும் கிணற்றடிக்குப் போய் அந்தக் கட்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செடி ஏன் பட்டது?

இதற்குரிய காரணத்தை ஒவ்வொருவரும் அறிந்து கொள்ளுதல் அவசியம். வேருக்கு நீர் வேண்டும் என்பது யாவருக்கும் தெரியும். காற்றும் வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. மண்ணின் சிறு இடைவெளிகளில் நிற்கும் காற்றைக் கொண்டே வேர் சுவாசிக்கிறது. மழைநீர் அவ்விடைவெளிகளை நிரப்பி நாட்கணக்கில் வடியாமல் நின்றால், வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்குகிறது. நீரில் நீந்திப் பரவும் அழுகல் நோய்க் கிருமிகளும் அச்சமயத்தில் எளிதாகப் புகுந்து விடுகின்றன.

இலை நிறைந்த செடி மண்ணிலுள்ள நீரை உறிஞ்சிக் காற்றில் விட்டுக் கொண்டேயிருக்கும். நாமோ இலை முழுவதையும் வெட்டி எறிந்து விடுகிறோம். நீரை வெளியேற்றும் வழியும் அடைபடுகிறது. வேருக்கு உணவு சமைத்து அனுப்பும் இலையும் இல்லாமற் போகிறது. பட்டினியும் மூச்சு முட்டலும் ஒரே நேரத்தில் வந்தால் எந்தச் செடிதான் தாங்கும்? மட்காத சாணமோ மட்கும்போது, மண்ணில் எஞ்சியிருந்த காற்றையும் தின்று விடுகிறது. நான் நன்மை என்று நினைத்துச் செய்த மூன்றும் தீமையாகவே முடிந்தன.

நம் நாட்டில் பருவம் எது?

தமிழ்நாட்டில் “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பார்கள். அங்கே ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை பயிரைத் தாங்கும். மல்லிகைக்கு நவம்பர் கடைசியில் கவாத்து செய்வதும் அங்குள்ள வழக்கம். நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது இந்தக் கணக்கையும் உடன் கொண்டு வந்தனர். ஆனால் ஜொகூர் மண்ணில் அக்கணக்குச் செல்லாது. அங்கே மல்லிகையை வெட்டும் அதே நவம்பரில்தான் இங்கே கன மழை தொடங்குகிறது.

ஜொகூர் பாரு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. வருஷம் முழுதும் பகலும் இரவும் அநேகமாகச் சமம். குளிர் காலம் என்பதே இல்லை. ஆகவே ஐரோப்பாவில் மரங்கள் இலையுதிர்த்து உறங்குவதைப் போல் இங்குள்ள செடிகள் உறங்குவதில்லை. “குளிர் காலத்தில் வெட்டுக” என்று ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களில் காணும் யோசனையால் நமக்குப் பிரயோஜனமில்லை. நமக்குப் பருவம் என்பது மழை ஒன்றே.

அம்மழையை ஐந்து பகுதிகளாக வைத்துக் கொள்ளலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவக் காற்றின் கன மழை. மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் இது இன்னும் கடுமை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட் முதலிய ஊர்களைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை நம்மில் மறந்தவர் இல்லை. பிப்ரவரி முதல் மார்ச் நடு வரை பெரும்பாலும் வெயில். மார்ச் கடைசி முதல் மே வரை, காலையில் வெயிலும் பிற்பகலில் இடி மழையுமான காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை சற்றுக் குறையும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் பிற்பகல் மழை மீண்டும் வரும்.

சில வருஷங்களில் இது முன்பின்னாகும். 2015இல் சுங்கை லாயாங் அணையில் நீர் வற்றி, ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் வட்டாரங்களில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 2023 மார்ச்சிலோ, வெயிலை எதிர்பார்த்த மாதத்தில் சிகாமட், பத்து பகாட் ஊர்களில் வெள்ளம் வந்தது. ஆகையால் காலண்டரை மட்டும் நம்பாமல் வானத்தையும் பாருங்கள்.

கவாத்துக்கும் கன்று உண்டாக்குவதற்கும் ஏற்ற காலங்கள் இரண்டு. முதலாவது, மார்ச் கடைசி முதல் மே வரை. இரண்டாவது, செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரை. காலை வெயில் புண்ணை உலர்த்துகிறது. பிற்பகல் மழை துளிருக்கு நீர் தருகிறது. காற்றின் ஈரம் நட்ட குச்சியை வாடாமல் காக்கிறது.

வெட்டினால் ஏன் துளிர்க்கிறது?

கிளையின் நுனிக் குருத்தில் ஆக்ஸின் என்னும் ஒருவகைச் சத்து ஊறுகிறது. 1928ஆம் வருஷத்தில் ஹாலந்து நாட்டு அறிஞர் ஃபிரிட்ஸ் வெண்ட் இதனைச் சோதனை மூலம் எடுத்துக் காட்டினார். அது நுனியிலிருந்து கீழ் நோக்கி இறங்கி, கணுக்களில் உள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டினால் அடக்குவார் இல்லை. கீழ் மொட்டுகள் எழும்புகின்றன. ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் வருவதற்குக் காரணம் இதுவே.

குச்சி வேர் விடுவதற்கும் அதே சத்துதான் துணை. அது கீழ் நோக்கிச் சென்று வெட்டு வாயில் சேர, அங்கே வேர் பிறக்கிறது. ஆகவே குச்சியைத் தலைகீழாக நட்டால் பெரும்பாலும் வீணாகும். இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இலை நீக்கிய குச்சியில் மேல் எது, கீழ் எது என்று மறந்து நட்டோர் அநேகர்.

கவாத்து செய்யும் முறை

1. கத்தியும் கத்தரியும் கூர்மையாக இருத்தல் வேண்டும். ஒரு செடியை வெட்டிய பின் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து விட்டே அடுத்த செடிக்குச் செல்லுங்கள். நோய் கத்தியேறியும் பயணம் செய்யும்.

2. முதலில் காய்ந்த கிளை. அடுத்து நோயுற்ற கிளை. அதன் பின் ஒன்றோடொன்று உரசும் கிளை. இம்மூன்றையும் நீக்கியவுடன் சற்று விலகி நின்று பாருங்கள். பல செடிகளுக்கு அதுவே போதுமானது.

3. வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சிறிது சாய்வாக வெட்டுக. நீளமாகக் கட்டை விட்டால் அது காய்ந்து அழுகும். மொட்டை ஒட்டி வெட்டினால் மொட்டும் காயும்.

4. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மிக வளர்ந்து விட்ட செடியை இரண்டு மூன்று தவணைகளில் தாழ்த்துக.

5. கனமான கிளையாயின், முதலில் கீழ்ப் புறமாகச் சிறிது அறுத்து விட்டுப் பிறகு மேலிருந்து அறுக்கவும். இல்லையேல் கிளை தன் பாரத்தால் முறிந்து பட்டையைக் கிழித்துக் கொண்டு போகும்.

அரளிச் செடி வைத்திருப்போர் அதன் பால் விஷம் என்பதை மறக்கக் கூடாது. வெட்டிய பின் கையைக் கழுவுங்கள். வெட்டிய குச்சிகளைச் சிறுவர் கையில் கொடுக்க வேண்டாம். அடுப்பிலும் இட வேண்டாம்.

குச்சி நட்டுக் கன்று உண்டாக்குதல்

விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குச்சியிலிருந்து வருவதோ தாய்ச் செடியின் மறு பாதியே. நம் நாட்டு ரப்பர் தோட்டங்களில் வேலை செய்தோர் இதனை நன்கறிவர். 1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வழி வந்த விதைகளாலேயே தோட்டங்கள் முதலில் உண்டாயின. ஆனால் விதை மரங்களில் ஒன்று பால் நிறையத் தரும், அடுத்தது தராது. 1910களில் ஜாவா, சுமத்ரா தீவுகளில் ஒட்டுக் கட்டும் முறையை ஆராய்ந்து கண்ட பிறகே, நல்ல மரத்தைப் போலவே ஆயிரக்கணக்கான மரங்களை உண்டாக்க முடிந்தது.

அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டில், ஜொகூர் ஆற்றங்கரைகளில் சீனக் குடியானவர்கள் காங்சூ எனப்பட்ட தலைவர்களின் கீழ் கம்பீரும் மிளகும் பயிரிட்டார்கள். மிளகுக் கொடியும் தண்டுத் துண்டிலிருந்தே வளர்க்கப்படுவது. இன்னும் முன்னே செல்வோமாயின், 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு இஷ்பீலிய்யா நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட செடி மரங்களைப் பற்றி எழுதிய பெருநூலில் நடுதலையும் ஒட்டுதலையும் விரிவாகக் கூறியிருக்கிறார். ஆகவே நம் வாசலில் செய்யும் இச்சிறு வேலை நீண்ட பரம்பரை உடையது.

முறை வருமாறு: மிக இளசும் மிக முற்றலும் அல்லாத, பென்சில் கனமுள்ள கிளையைக் காலை வேளையில் வெட்டுக. ஆறு முதல் எட்டு அங்குல நீளம் போதும். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேலே நேராகவும் வெட்டினால் மேல் கீழ் மறந்து போகாது. பூவையும் மொட்டையும் கிள்ளி விடுக. கீழ்ப் பாதி இலைகளை நீக்கி, மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, அவை பெரியனவாயின் பாதியாகக் கத்தரிக்கவும்.

ஆற்று மணலும் தென்னை நார்த் தூளும் சம அளவு கலந்து, அடியில் துளையுள்ள சட்டியில் நிரப்புக. முதலில் ஒரு குச்சியால் குழி செய்து, அதன் பின் நடவும். நேராக அழுத்தினால் பட்டை உரியும். மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். அடியை வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து வைத்து, மூடியை மட்டும் திறந்து விட்டால் ஈரம் நிற்கும். வெயில் நேராகப் படாத வெளிச்சமான இடத்தில் நான்கு முதல் எட்டு வாரங்கள் வைத்திருக்கவும். வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுக. அப்படி இழுத்தே அறுந்த வேர்கள் எத்தனையோ. புதுத் துளிர் வந்து, அது வாடாமல் நின்றால் வேர் விட்டதென்று கொள்ளலாம்.

ஒரு குச்சி நடுவதோடு நில்லாமல் ஐந்து குச்சிகள் நடுக. இரண்டு பட்டாலும் மூன்று மிஞ்சும்.

பதியமும் விண்பதியமும்

தாய்ச் செடியை விட்டுப் பிரியாமலே கன்றை வேர் விடச் செய்வது பதியம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையைப் போல் அக்கன்று வளர்வதால் இழப்பு மிகக் குறைவு. மல்லிகைக்கு இது மிக எளிது. தாழ்ந்த கொடியை வளைத்து, மண்ணில் படும் கணுவின் கீழ்ப் பட்டையைச் சிறிது சுரண்டி, இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே தெரியட்டும். இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்ததும் தாயிடமிருந்து வெட்டிப் பிரிக்கலாம்.

வளைக்க முடியாத கிளைக்கு விண்பதியம் உண்டு. மலாய்க்காரர்கள் இதனை ‘துட்’ என்பார்கள். கஸ்தூரி எலுமிச்சைக்கு இது மிகவும் ஏற்றது. விரல் கனமுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழுவழுப்பாக இருக்கும் பசையையும் சுரண்டி விடுக. அதனை விட்டு வைத்தால் பட்டை மீண்டும் கூடிவிடும். நனைத்துப் பிழிந்த தென்னை நாரை ஒரு பிடி வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரு முனைகளையும் இறுகக் கட்டவும். இலையில் சமைத்த உணவு கீழே இறங்க வழியின்றி அங்கேயே தங்குவதால் வேர் புறப்படுகிறது. இரண்டு மாதம் முதல் மூன்று மாதத்தில் தாளின் வழியே வெள்ளை வேர் தெரியும். கட்டுக்குக் கீழே அறுத்து, சட்டியில் நட்டு, மூன்று வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குப் பழக்குக.

செடி வாரியாகச் சில குறிப்புகள்

மருதாணி: முழு வெயிலும் நீர் வடியும் மேடும் வேண்டும். கலியாணத்திற்கோ பெருநாளுக்கோ இலை வேண்டுமாயின், இரண்டரை மாதம் முன்னதாக வெட்டினால் இளந்துளிர் கிடைக்கும். ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. ஹிஜ்ரி வருஷம் சூரிய வருஷத்தினும் ஏறக்குறைய 11 நாட்கள் குறைந்தது. 2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 10ஆம் தேதியும், 2025இல் மார்ச் 31ஆம் தேதியும் வந்தது. இவ்வாறு பின்னேறிச் செல்லும்போது, இரண்டரை மாதம் முன் என்பது டிசம்பர், ஜனவரிக் கன மழையில் போய் விழும். அத்தகைய வருஷங்களில் பெரிய வெட்டை அக்டோபரிலேயே முடித்து விட்டு, மழைக் காலத்தில் நுனிகளை மட்டும் கிள்ளி விடுங்கள். நான் செய்த பிழையை நீங்களும் செய்ய வேண்டாம்.

மல்லிகை: புதுக் கிளையில்தான் பூக்கும். ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்த பின்பும் நுனிகளைக் கத்தரிக்கவும். மார்ச் கடைசியில் ஒரு தடவை நன்றாகத் தாழ்த்தலாம்.

செம்பருத்தி: 1960இல் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட புங்கா ராயா இதுவே. குச்சி நட்டால் எளிதில் பிடிக்கும். புதிதாகக் கற்போர் இதிலிருந்து தொடங்குவது நலம். வெள்ளைப் பஞ்சு போல் மாவுப்பூச்சி அண்டிய கிளையை வெட்டி அப்புறப்படுத்துக.

காகிதப்பூ: வெட்டிய பின் வரும் புதுக் கிளையில், சற்று நீர் குறைந்தால்தான் பூக்கும். பிப்ரவரி வெயிலில் தாகம் காட்டி நீர் விட்டால் இலையினும் பூ மிகுதியாகும். முள் கவனம்.

கறிவேப்பிலை: குச்சி எளிதில் பிடிக்காது. தாய்ச் செடியின் அடியில் வரும் வேர்க் கன்றை வேரோடு பிரித்து நடலாம். அல்லது பழுத்த கனியின் விதையை உலர விடாமல் உடனே விதைக்கலாம். இலையை உருவாமல் கொத்தாக நுனியோடு ஒடித்தால் செடி அடர்ந்து வரும். பூவைக் கிள்ளி விடுக. இதன் இளந்துளிரில் ஒரு சிறு தத்துப்பூச்சி வாழ்கிறது. எலுமிச்சை, நாரத்தை இனங்களைப் பாழாக்கும் மஞ்சள் குருத்து நோயைப் பரப்புவது அதுவே. ஆதலால் எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் அடுத்தடுத்து வைக்க வேண்டாம்.

முருங்கை: மூன்று நான்கு அடிப் போத்தை வெட்டி, வெட்டு வாய் உலர இரண்டு நாள் நிழலில் வைத்து, மேட்டில் நடுக. நான்கடி உயரத்தில் தலையை வெட்டிக் கொண்டே வந்தால் கீரை கைக்கு எட்டும். நம் ஈரக் காற்றில் காயை விடக் கீரையே நிச்சயம்.

ஊருக்குச் சென்று வருவோருக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து செடியோ குச்சியோ பெட்டியில் ஒளித்துக் கொண்டு வர வேண்டாம். 1976ஆம் வருஷத்துத் தாவரத் தொற்றுத் தடைச் சட்டத்தின்படி அதற்கு அனுமதி பெற்றாக வேண்டும். ஒரு குச்சியோடு வரும் நோய் ஒரு நாட்டின் பயிரையே அழிக்கக் கூடும்.

மண்ணும் தண்ணீரும்

பொந்தியான், பத்து பகாட் கரையோரங்களில் பல இடங்களில் கறுப்புக் கரி மண். அது மிகப் புளிப்பானது. அன்னாசி தாங்கும், மல்லிகை தாங்காது. டோலமைட் சுண்ணாம்புத் தூளைச் சிறிது கலந்து, இரண்டு வாரம் ஆறப் போட்டு நடவும். செம்மண்ணும் களிமண்ணும் உள்ள இடங்களில், மட்கிய எருவையும் மணலையும் கலந்து ஓரடி உயரத்திற்கு மேடு கட்டி நடுவது உத்தமம்.

அக்காலத்து ஜொகூர்க் குடியானவர்கள் கம்பீர் இலையைக் காய்ச்சிய பின் எஞ்சிய சக்கையை வீணாக்காமல் மிளகுக் கொடியின் அடியில் பரப்பினார்கள். நாமும் கவாத்தில் விழும் நோயற்ற இலைகளை நறுக்கிச் செடியடியில் பரப்பலாம். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் தள்ளிப் போடுக.

கொசுவைப் பற்றி எச்சரிக்கை. சட்டியின் கீழ்த் தட்டு, வேர் விட வைத்த கண்ணாடிப் புட்டி, தூக்கி எறிந்த தேங்காய்ச் சிரட்டை இவையெல்லாம் ஏடிஸ் கொசுவின் தொட்டில்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துத் தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்; முட்டை உலர்ந்த தட்டிலும் ஒட்டிக் கொண்டு மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். 1975ஆம் வருஷச் சட்டப்படி கொசு வளர விடுவது குற்றமாகும். குற்றம் ஒருபுறம் இருக்க, டெங்கிக் காய்ச்சல் முதலில் தாக்குவது நம் வீட்டுக் குழந்தைகளையும் அண்டை வீட்டாரையுமே அல்லவா?

மாதக் குறிப்பு

பிப்ரவரி – மார்ச் நடு: காய்ந்த கிளைகளை நீக்குக. காலையில் நீர் ஊற்றுக. இலைச் சருகு பரப்புக.

மார்ச் கடைசி – மே: பெரிய கவாத்து, குச்சி, பதியம், விண்பதியம் யாவும். மட்கிய எரு இடுக.

ஜூன் – ஆகஸ்ட்: வேர் விட்ட கன்றுகளைப் பிரித்துச் சட்டியில் வளர்க்கவும். புகை மூட்டம் வரும் நாட்களில் இலைகளை நீரால் கழுவி விடுக.

செப்டம்பர் – அக்டோபர்: இரண்டாம் கவாத்து. உயர்ந்த மரங்களைக் காற்றுக்கு முன் தாழ்த்துக. வாய்க்காலைத் தூர் எடுக்கவும். கன்றுகளைத் தரையில் நடவும்.

நவம்பர் – ஜனவரி: கத்தியை உறையில் இடுக. உரம் வேண்டாம். நீர் வடிகிறதா என்று மட்டும் பாருங்கள். சட்டிகளைச் செங்கல் மீது ஏற்றி வைக்கவும்.

முடிவுரை

எங்கள் மருதாணியின் கதை கிணற்றடியோடு முடியவில்லை. மறு வருஷம் எங்கள் உறவினர் வீட்டு விசேஷத்திற்கு, முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த மலாய் மக்சிக் ஒருவர் வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய இனாய் இலை. “இது உன் உம்மா கொடுத்த குச்சியில் வந்தது, நான் வீடு மாறியபோது பெயர்த்துக் கொண்டு போனேன்” என்றார். எத்தனையோ வருஷத்திற்கு முன், என் உம்மா கவாத்து செய்தபோது வேலிக்கு மேலே நீட்டிய குச்சி அது. எனக்கு அது தெரியவே தெரியாது.

மறு வாரமே அவர் வீட்டிற்குச் சென்று ஐந்து குச்சிகள் வாங்கி வந்தேன். ஏப்ரல் மாதம்; மூன்று வேர் விட்டன. ஒன்று என் வாசலில் நிற்கிறது. ஒன்றைத் தமக்கைக்குக் கொடுத்தேன். மற்றொன்றைச் சட்டியிலே வளர்த்து, அடுக்கு மாடி வீட்டிற்குக் குடிபோன தங்கை மகளிடம் கொடுத்தேன். வெயில் விழும் மாடி முகப்பில் அது நன்றாகவே இருக்கிறது.

உம்மா அக்குச்சியைத் தானமாகக் கொடுத்தார். அதுவே சேமிப்பாக எங்களுக்குத் திரும்பி வந்தது. நம் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்படுகின்றன. பிள்ளைகள் மாடி வீடுகளுக்குச் செல்கிறார்கள். பெரியவர்கள் நட்ட செடி உங்கள் வாசலில் நின்றால், வருகிற பிற்பகல் மழைக் காலத்தில் அதிலிருந்து ஐந்து குச்சிகள் எடுத்து நடுங்கள். இரண்டை உங்களுக்கு வைத்துக் கொண்டு மற்றவற்றை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். அதன் பின் தாராளமாகக் கவாத்து செய்யலாம்.